வினையூக்கியிடம் வரம் கேட்காதீர்கள்

மாணவர்களே, "எதிர்கால எரிபொருள்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் ஹைட்ரஜனைப் பற்றித்தான் எழுதுவீர்கள். எரித்தால் புகை வராது, தண்ணீர்தான் வரும். ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஒரு கிலோ பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் இருக்கிறது. தண்ணீரிலிருந்தே அதை எடுக்கலாம். எல்லாம் சரிதான், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் கட்டுரை அதோடு நின்றுவிடுகிறது. பெட்ரோலை ஊற்றி வைக்க ஒரு தகரத் தொட்டி போதும். ஹைட்ரஜனை எதில் வைப்பது? இந்தக் கேள்வியை யாரும் தொடுவதில்லை. உண்மையில் ஹைட்ரஜன் கார்கள் இன்னும் நம் சாலைகளை நிரப்பாததற்குப் பெரிய காரணங்களில் ஒன்று இதுதான்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் இடம் பிடிக்கும் என்று படித்திருப்பீர்கள். ஹைட்ரஜனின் மோல் நிறை 2 கிராம். அப்படியானால் ஒரு கிலோவில் 500 மோல். 500ஐ 24ஆல் பெருக்கினால் 12,000 லிட்டர். 200 லிட்டர் எண்ணெய் டிரம்களாக அடுக்கினால் 60 டிரம் வேண்டும். அதுவும் ஒரு கிலோவுக்கு! ஒரு கார் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஓட ஐந்து கிலோ தேவை.

இதற்கு இன்று கையில் உள்ள வழி, அழுத்தி அடைப்பது. டொயோட்டாவின் மிராய் கார் ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான ஹைட்ரஜனை 700 பார் அழுத்தத்தில் சுமக்கிறது. உங்கள் வீட்டுக் கார் டயரில் இருப்பதைப் போல் ஏறத்தாழ 300 மடங்கு அழுத்தம். அதற்கென்று கார்பன் இழை சுற்றிய தடித்த தொட்டிகள் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படி நெருக்கியும் ஒரு லிட்டர் இடத்தில் 40 கிராம்தான் அடங்குகிறது. இன்னொரு வழி, மைனஸ் 253 டிகிரி செல்சியசுக்குக் குளிரவைத்துத் திரவமாக்குவது. அப்போது லிட்டருக்கு 71 கிராம் கிடைக்கும். ஆனால் குளிரவைக்கவே அந்த ஹைட்ரஜனில் உள்ள ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான ஆற்றலைச் செலவழிக்க வேண்டும்.

மூன்றாவது வழிதான் நான் பேச வந்தது. ஹைட்ரஜனை உலோகத்துக்குள் ஒளித்து வைப்பது.

கேட்க மாயம்போல் இருக்கும். 1866இல் பிரிட்டனில் தாமஸ் கிரஹாம் என்ற வேதியியலாளர் பல்லேடியம் என்ற உலோகம் தன் பருமனைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்வதைக் கண்டார். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல் என்று சொல்வார்கள். எனக்கு அந்த உவமை அவ்வளவாகப் பிடிக்காது. பஞ்சின் ஓட்டைகளில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். உலோகத்துக்குள் போகும் ஹைட்ரஜன் மூலக்கூறாகவே இருப்பதில்லை. வாசலிலேயே இரண்டு அணுக்களாக உடைந்து, தனித்தனியாக உள்ளே போய், உலோக அணுக்களுக்கு நடுவே குடியேறுகிறது. இப்படிக் கிடைக்கும் பொருளுக்குத்தான் உலோக ஹைட்ரைடு என்று பெயர்.

பல்லேடியம் விலை உயர்ந்தது. அதில் தொட்டி செய்ய முடியாது. மெக்னீசியமோ மலிவு, எடையும் குறைவு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெள்ளை ஒளியோடு எரியுமே, அதே நாடாதான். மெக்னீசியம் ஹைட்ரைடின் எடையில் 7.6 விழுக்காடு ஹைட்ரஜன். ஒரு லிட்டர் மெக்னீசியம் ஹைட்ரைடுக்குள் சுமார் 110 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. மேலே சொன்ன 40, 71 என்ற எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கியதைவிட, சாதாரணத் தூளுக்குள் அதிக ஹைட்ரஜன் அடங்கியிருக்கிறது! ஐந்து கிலோ ஹைட்ரஜனுக்கு 66 கிலோ தூள் போதும். இப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் மெக்னீசியம் பிடிவாதக்காரன். உள்ளே விடவும் மறுக்கும், வெளியே விடவும் மறுக்கும். ஹைட்ரஜன் மூலக்கூற்றின் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு 436 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். மெக்னீசியத்தின் மேற்பரப்புக்கு அந்த மூலக்கூற்றைப் பிடித்துப் பிளக்கும் திறமை குறைவு. அப்படியே கொஞ்சம் பிளந்து உள்ளே விட்டாலும், மேலே உருவாகும் ஹைட்ரைடு ஓடு, பின்னால் வரும் அணுக்களுக்குச் சுவராகிவிடுகிறது. வெளியே எடுப்பது அதைவிடத் தொல்லை. சாதாரண மெக்னீசியம் ஹைட்ரைடை 400 டிகிரி அளவுக்குச் சூடாக்கினாலும் மெதுவாகத்தான் ஹைட்ரஜனை விடும்.

இங்கேதான் இடைநிலை உலோகங்கள் வருகின்றன. தனிம அட்டவணையின் நடுவில் டைட்டேனியம், வனேடியம், மாங்கனீசு, இரும்பு, நிக்கல் என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூட்டம். "வினையூக்கியாகச் செயல்படும்" என்று இவற்றின் பண்புகளில் ஒன்றாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஏன் செயல்படுகின்றன என்று யாராவது சொன்னார்களா? இவற்றின் அணுக்களில் முழுதாக நிரம்பாத எலக்ட்ரான் அறைகள் இருக்கின்றன. ஹைட்ரஜன் மூலக்கூறு அருகே வரும்போது இவை அதன் எலக்ட்ரான்களோடு கொடுக்கல் வாங்கல் செய்து, நடுவில் உள்ள பிணைப்பைத் தளர்த்துகின்றன. மூலக்கூறு இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த அணுக்கள் அங்கிருந்து பக்கத்து மெக்னீசியத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. மெக்னீசியத்திடம் அப்படிக் கொடுத்து வாங்க வசதியான அறைகள் கிடையாது. அதனால்தான் அது தனியாகத் திணறுகிறது.

1999இல் கனடாவின் கியூபெக் மாநிலத்து ஆய்வாளர்கள் நான் மேலே பெயர் சொன்ன அதே ஐந்து உலோகங்களையும் ஒவ்வொன்றாக மெக்னீசியம் ஹைட்ரைடோடு சேர்த்து அரைத்துப் பார்த்தார்கள். எஃகுக் குண்டுகள் போட்ட கலத்தை மணிக்கணக்காகக் குலுக்கி அரைக்கும் முறை அது. அம்மியில் மிளகாய் அரைப்பதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான்: துகள் சிறிதாகும், சேர்த்த பொருள் எல்லா இடத்திலும் பரவும். ஹைட்ரஜனை வெளியே விடுவதில் வனேடியமும் உள்ளே வாங்குவதில் டைட்டேனியமும் முந்தின. 2003இல் ஜெர்மனியின் கீஸ்தாக்ட் ஆய்வு நிலையத்தார் நியோபியம் ஆக்சைடைச் சிறிதளவு சேர்த்தார்கள். 300 டிகிரியில் இரண்டு, மூன்று நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் வெளியே வந்துவிட்டது. மணிக்கணக்கு நிமிடக்கணக்கானது. சாதாரண முன்னேற்றம் இல்லை இது.

அன்று தொடங்கிய ஓட்டம் இன்றும் நிற்கவில்லை. நிக்கல் துகள், டைட்டேனியம் கார்பைடு, இரும்பு ஆக்சைடு, இரண்டு உலோகம் கலந்தது, மூன்று உலோகம் கலந்தது என்று ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. நம் நாட்டிலும் மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகத்தில் இதே மெக்னீசியம் ஹைட்ரைடில் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இவற்றில் ஏதாவது ஒன்று செய்தியாகும்போது தலைப்பு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். "புதிய வினையூக்கி: ஹைட்ரஜன் கார் கனவு நனவாகிறது" என்ற மாதிரிதான் வரும். இந்தத் தலைப்போடுதான் எனக்குச் சண்டை.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு உங்கள் பாடப்புத்தகமே போதும்.

ஹேபர் முறையில் அமோனியா தயாரிக்க இரும்பு வினையூக்கி சேர்க்கிறோம். "வினையூக்கி சேர்த்தால் அமோனியாவின் அளவு கூடுமா?" என்று கேட்டால் என்ன பதில் எழுதுவீர்கள்? கூடாது. வினை சீக்கிரம் சமநிலைக்கு வரும், அவ்வளவுதான். சமநிலை எங்கே இருக்கிறது என்பதை வினையூக்கி நகர்த்தாது. இந்த ஒரு வரிக்கு ஒரு மதிப்பெண். இதே வரிதான் மெக்னீசியம் ஹைட்ரைடின் தலைவிதியையும் எழுதியிருக்கிறது.

பத்துமலைக்குப் போயிருப்பீர்கள். குகைவாசலுக்கு 272 படிகள். இப்போது ஒரு கற்பனை. கோயிலுக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது. 400 படி ஏறி, பிறகு 128 படி இறங்கித்தான் குகைக்குப் போக முடியும் என்று வையுங்கள். பாதிப் பேர் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். யாரோ புண்ணியவான் அந்த மேட்டைக் குடைந்து நேர் வழி போட்டுக் கொடுக்கிறார். கூட்டம் இப்போது வேகமாக நகரும். ஆனால் 272 படி? அது அப்படியேதான் இருக்கும். குகை அந்த உயரத்தில் இருக்கிறது. வழியை மாற்றலாம், குகையை இறக்கி வைக்க முடியாது.

வினையூக்கி குடைவது அந்த மேட்டை. வேதியியலில் அதற்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். மெக்னீசியம் ஹைட்ரைடில் இது ஒரு மோல் ஹைட்ரஜனுக்குச் சுமார் 160 கிலோஜூல் என்று அளந்திருக்கிறார்கள். நல்ல வினையூக்கி அதை ஏறத்தாழப் பாதியாக்கிவிடுகிறது. ஆனால் ஹைட்ரைடு சிதைந்து மெக்னீசியமும் ஹைட்ரஜனும் ஆவதற்குக் கொடுத்தே ஆக வேண்டிய வெப்பம் ஒன்று இருக்கிறது. ஒரு மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல். அதுதான் நம் 272 படி. எந்த வினையூக்கியும் அதில் ஒரு படியைக்கூடக் குறைக்காது.

இதன் விளைவு என்ன? மெக்னீசியம் ஹைட்ரைடிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜனின் சமநிலை அழுத்தம் ஒரு பாரை எட்ட வேண்டுமானால் வெப்பநிலை சுமார் 280 டிகிரிக்குப் போக வேண்டும். 100 டிகிரியில் அந்த அழுத்தம் ஒரு பாரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காரில் இருக்கும் எரிபொருள் மின்கலத்தின் கழிவு வெப்பம் 60 முதல் 80 டிகிரி வரைதான். அந்த வெந்நீரை வைத்து 280 டிகிரி அடுப்பை எரிக்க முடியாது. ஆக, வெப்பத்துக்காகத் தொட்டியில் உள்ள ஹைட்ரஜனிலேயே ஒரு பகுதியை எரிக்க வேண்டும். எவ்வளவு? ஒரு மோல் ஹைட்ரஜன் தரும் ஆற்றல் சுமார் 242 கிலோஜூல். அதை வெளியே கொண்டுவரும் செலவு 75. பத்து ரிங்கிட் சம்பாதிக்க மூன்று ரிங்கிட் பேருந்துக் கட்டணம் கொடுப்பதுபோல். மீதி ஏழிலும் மின்கலம் ஏறக்குறைய பாதியைத்தான் மின்சாரமாக்கும்.

"ஆனால் 200 டிகிரியிலேயே ஹைட்ரஜன் வெளிவரத் தொடங்கியது என்று படித்தேனே!" என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. எதில் அளந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் வெற்றிடத்தில், அல்லது ஆர்கான் வாயு ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் அளந்திருப்பார்கள். வெளியே வரும் கொஞ்ச ஹைட்ரஜனையும் உடனுக்குடன் யாரோ அள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தால் வினை முன்னோக்கி நகரத்தான் செய்யும். காற்றடிக்கும் கொடியில் துணி வேகமாகக் காய்வதில்லையா, அது மாதிரி. காரின் தொட்டிக்குள் அப்படி அள்ளிக்கொண்டு போக யாருமில்லை. மின்கலத்துக்குத் தேவையான அழுத்தத்தில் ஹைட்ரஜன் தானாகவே வர வேண்டும். ஆய்வாளர்கள் பொய் சொல்லவில்லை. வினையூக்கிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த அளவீடு பயனுள்ளதுதான். அதைக் காரோடு முடிச்சுப் போடுவதுதான் தவறு.

எடைக் கணக்கிலும் இப்படி ஒரு சறுக்கல் உண்டு. 7.6 விழுக்காடு என்பது சுத்தமான தூளுக்கு. எடையில் பத்து விழுக்காடு வினையூக்கி சேர்த்தாலே அது 6.8 ஆகிவிடும். தூளுக்கு ஒரு தொட்டி வேண்டும், சூடாக்கக் குழாய் வேண்டும், வால்வு வேண்டும். கார்களுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் இறுதி இலக்கு 6.5 விழுக்காடு. அது தூளுக்கு அல்ல. தொட்டி, குழாய் எல்லாம் சேர்த்து. இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

நிரப்பும்போது வரும் தொல்லையைச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. வெளியே விடும்போது வாங்கிய 75 கிலோஜூலை, உள்ளே போகும்போது ஹைட்ரைடு வெப்பமாகத் திருப்பிக் கொடுக்கும். ஐந்து கிலோ ஹைட்ரஜன் என்றால் 2,500 மோல். 75ஆல் பெருக்கினால் 1,87,500 கிலோஜூல். ஐந்து நிமிடத்தில் நிரப்பினால் விநாடிக்கு 625 கிலோஜூல், அதாவது 625 கிலோவாட். வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின் கெண்டி 2 கிலோவாட். முந்நூறு கெண்டிகளை ஒரே நேரத்தில் காரின் பின்பெட்டிக்குள் போட்டுவிட்ட மாதிரி! அந்த வெப்பத்தை உடனே வெளியேற்றாவிட்டால் தூள் சூடேறும், சூடேறினால் சமநிலை அழுத்தம் உயரும், உயர்ந்தால் ஹைட்ரஜன் உள்ளே போவது நின்றுவிடும். வினையூக்கி எவ்வளவு வேகமோ அவ்வளவு சீக்கிரம் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வோம். அதனால்தான் தொட்டி செய்கிறவர்கள் இப்போது தூளோடு கிராஃபைட்டைக் கலக்கிறார்கள். கிராஃபைட் வினையை வேகப்படுத்துவதற்காக அல்ல, வெப்பத்தைக் கடத்துவதற்காக. இதைப் பற்றித் தலைப்புச் செய்தி வந்து நான் பார்த்ததில்லை. வெப்பக் கடத்தல் என்றால் யாருக்கு ஆர்வம்?

இவ்வளவு சொன்ன பிறகு, வினையூக்கி ஆராய்ச்சியே வீண் என்கிறேனா? இல்லவே இல்லை. வினையூக்கி அற்புதம் செய்த இடமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எனக்கு அதிக ஆசை.

ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் மேக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிலையம் இருக்கிறது. 1953இல் அங்கே கார்ல் சீக்லர் டைட்டேனியம் சேர்மத்தையும் அலுமினியம் சேர்மத்தையும் கூட்டு சேர்த்து, குறைந்த அழுத்தத்திலேயே பாலிஎத்திலீன் செய்யும் வழியைக் கண்டார். உங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் வாளிக்கும் அந்தக் கண்டுபிடிப்புக்கும் உறவு உண்டு. 1963இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே நிலையத்தில் 1997இல் போகுடானோவிச், ஷ்விக்கார்டி என்ற இருவர் சோடியம் அலனேட் என்ற ஹைட்ரைடில் சிறிது டைட்டேனியத்தைச் சேர்த்தார்கள். சோடியம், அலுமினியம், ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்த வெள்ளைத் தூள் அது. அதுவரை, ஹைட்ரஜனை வெளியே விட்ட பிறகு அதைத் திரும்ப நிரப்புவது நடைமுறைக்கு ஒத்துவராத காரியமாக இருந்தது. மிக உயர்ந்த வெப்பமும் அழுத்தமும் வேண்டியிருந்தன. டைட்டேனியம் சேர்ந்ததும் 120 டிகிரியைச் சுற்றியே, 100 பார் போன்ற அழுத்தத்தில், தூள் ஹைட்ரஜனைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒருவழிப் பாதை இருவழிப் பாதையானது.

அதே டைட்டேனியம் மெக்னீசியத்தில் ஏன் இந்த அற்புதத்தைச் செய்யவில்லை? சோடியம் அலனேட்டின் படிகள் குறைவு. முதல் கட்டச் சிதைவுக்கு ஒரு மோல் ஹைட்ரஜனுக்குச் சுமார் 37 கிலோஜூல், அடுத்த கட்டத்துக்குச் சுமார் 47. இயற்கை ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டது. நடுவில் மேடு மட்டும்தான் மறித்துக்கொண்டிருந்தது. டைட்டேனியம் அதைக் குடைந்தது. மெக்னீசியத்தில் மேட்டைக் குடைந்த பிறகும் படிகள் மிஞ்சுகின்றன. ஒரு வினையூக்கி நல்லதா கெட்டதா என்பது அதைமட்டும் பொறுத்ததல்ல, அதை எந்த மலையில் வேலைக்கு வைக்கிறோம் என்பதையும் பொறுத்தது. இங்கே ஒரு சுவாரசியம்: அந்த டைட்டேனியம் தூளுக்குள் எந்த வடிவில் உட்கார்ந்து என்ன செய்கிறது என்று ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வந்திருக்கிறார்கள். உங்களுக்கும் அங்கே வேலை காத்திருக்கிறது.

சோடியம் அலனேட்டிலும் குறை உண்டு. இரண்டு கட்டத்திலும் சேர்த்து 5.6 விழுக்காடுதான் பயன்படும். ஈரம் பட்டால் தீப்பிடிக்கும்; நம் ஊர்க் காற்றில் அதைத் திறந்து வைப்பதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

அப்படியானால் படிகளையே குறைக்க என்ன வழி? இடைநிலை உலோகத்தை வெளியாளாக வைக்காமல் வீட்டுக்குள்ளேயே குடியமர்த்துவது. அதாவது சிட்டிகை அளவு தூவாமல், உலோகக் கலவையின் பாதியாக்குவது. அப்போது அது வினையூக்கி அல்ல, பங்காளி. குகையே வேறு உயரத்துக்கு இறங்கிவிடும். 1968இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ரைலி, விஸ்வால் என்ற இருவர் மெக்னீசியத்தோடு நிக்கலைக் கலந்தார்கள். வெப்பம் 64 கிலோஜூல் அளவுக்குக் குறைந்தது. விலை என்ன தெரியுமா? 7.6 விழுக்காடு 3.6 ஆனது. நிக்கல் கனமானது அல்லவா! அவர்களே 1974இல் டைட்டேனியம்–இரும்புக் கலவையை அறிவித்தார்கள். அது அறை வெப்பநிலைக்கு அருகிலேயே வாங்கும், கொடுக்கும். ஆனால் பிடிப்பது இரண்டு விழுக்காடுகூட இல்லை. லாந்தனம்–நிக்கல் கலவையும் அப்படித்தான். நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1960களின் இறுதியில், காந்தப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த வேலையின் ஊடே அதன் குணம் தெரியவந்தது. மிக இணக்கமானது, ஆனால் 1.4 விழுக்காடு. ஐந்து கிலோ ஹைட்ரஜனுக்கு 350 கிலோவுக்கு மேல் கலவை வேண்டும். காரில் நான்கைந்து பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு திரிவதற்குச் சமம்.

எடை குறைவானவை பிடிவாதம் பிடிக்கின்றன, இணக்கமானவை கனக்கின்றன. நூற்றைம்பது ஆண்டுத் தேடலில் இந்த முடிச்சு முழுதாக அவிழவில்லை. என் கருத்து இதுதான்: ஹைட்ரைடைக் காரில் ஏற்றியே தீர வேண்டும் என்று அடம்பிடிப்பதை நிறுத்த வேண்டும். எடை ஒரு பொருட்டே அல்லாத இடங்கள் உலகில் நிறைய இருக்கின்றன. ஜெர்மனியின் 212ஏ வகை நீர்மூழ்கிக் கப்பல்கள் இருபது ஆண்டுகளாக உலோக ஹைட்ரைடு உருளைகளில்தான் ஹைட்ரஜனைச் சுமக்கின்றன. நீர்மூழ்கிக்கு எடை குறையல்ல. மூழ்குவதற்கு எடை வேண்டும்! சிங்கப்பூர்க் கடற்படையின் 'இன்வின்சிபிள்' வகை நீர்மூழ்கிகளும் ஜெர்மனியின் கீல் நகரில் கட்டப்பட்டவைதான். அவையும் நீருக்கடியில் எரிபொருள் மின்கலத்தால் ஓடுகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப மின்னேற்றும் நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி இருந்தால், லாந்தனம்–நிக்கல் கலவையின் உறவினர் ஒருவர் அதற்குள் ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் இருக்கிறார். 1997இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியசும் அந்த வகை பேட்டரியோடுதான் வந்தது.

இது நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. சிங்கப்பூர் 2022இல் அறிவித்த தேசிய ஹைட்ரஜன் திட்டத்தில், 2050க்குள் தன் மின்தேவையில் பாதிவரை ஹைட்ரஜன் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. மலேசியா 2023இல் தன் ஹைட்ரஜன் பொருளாதார வரைபடத்தை வெளியிட்டது. கூச்சிங்கில் 2019லேயே ஹைட்ரஜன் தயாரித்து நிரப்பும் நிலையம் திறந்தார்கள். லாந்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆஸ்திரேலியத் தாதுவிலிருந்து லாந்தனம் உள்ளிட்ட அருமண் தனிமங்களைப் பிரிக்கும் பெரிய ஆலை குவாந்தானுக்குப் பக்கத்தில் கெபெங்கில் இருக்கிறது. அந்த ஆலையின் கதிரியக்கக் கழிவைப் பற்றி எத்தனை ஆண்டுகளாக எத்தனை போராட்டம் நடந்தது என்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். "தண்ணீர் மட்டுமே வெளிவரும்" எரிபொருளுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் வீட்டுக்கு அருகில் ஒரு கழிவுக் குவியல் இருக்கலாம். இந்தத் திட்டங்களில் நம் வரிப்பணம் போகப்போகிறது. நீங்கள் வாக்களிக்கும் வயதுக்கு வரும்போது, எந்த வகைச் சேமிப்புக்குப் பணம் போடுவது என்ற கேள்வி மேசையில் இருக்கும். அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது செய்தித் தலைப்பு அல்ல. எத்தனை டிகிரி, எத்தனை பார், தொட்டியோடு சேர்த்து எத்தனை கிலோ என்ற எண்கள்.

எனக்குப் பிடித்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். திரெங்கானு கடலோரத் தீவுகள். டீசல் மின்னாக்கியை நம்பியிருக்கும் தீவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; டீசலையே படகில் கொண்டுவர வேண்டும். வெயில் காலத்தில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, ஒரு கொட்டகையில் இரண்டு, மூன்று டன் டைட்டேனியம்–இரும்புக் கலவைக்குள் வைத்துவிடலாம். 700 பார் இல்லை, வெடித்துவிடும் என்ற பயம் குறைவு, யாரும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை. ஓரிரு நாள் சேமிப்புக்கு லித்தியம் பேட்டரிதான் கெட்டிக்காரத்தனம். கொடுத்த மின்சாரத்தில் தொண்ணூறு விழுக்காடு திரும்ப வரும், ஹைட்ரஜன் வழியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பும். ஆனால் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, வாரக்கணக்கில் வானம் மூடி, படகும் வராத நாள்களுக்கு? பேட்டரியை அவ்வளவு பெரிதாக வாங்கிப் போட யாருக்கும் கட்டுப்படியாகாது. கலவையோ மாதக்கணக்கில் கசியாமல் ஹைட்ரஜனைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு தீவுக்கு எத்தனை கிலோ ஹைட்ரஜன் தேவைப்படும், அதற்கு எத்தனை டன் கலவை என்பதை இந்தப் பக்கத்தில் உள்ள எண்களை வைத்தே நீங்கள் கணக்கிடலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 கிலோவாட் மணி ஆற்றல். மின்கலம் பாதியைத்தான் மின்சாரமாக்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.